நெட் எங்கே நிற்கிறது?

கோலார் தங்கவயலில் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த காட்சி இது. ஷிப்டு மாறும் நேரம். சுரங்க வாயிலில் ஆட்கள் காத்து நிற்பார்கள். கீழே இறக்குவதற்குக் கூண்டு வரும். கூண்டில் இத்தனை பேர்தான் ஏறலாம் என்று கணக்கு உண்டு. மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். கூண்டு போய்த் திரும்பி வந்தால்தான் அடுத்த ஆட்கள் இறங்க முடியும்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அடிமட்டம் வரை ஒரே கூண்டில் போக முடியாது. ஒரு கூண்டில் இறங்குவார்கள். பாறைக்குள் நடப்பார்கள். அங்கே வேறு கூண்டு இருக்கும். அதில் ஏறி இன்னும் கீழே போவார்கள். நடுவில் ஒரு கூண்டு நின்றுவிட்டால் எல்லா வேலையும் தாமதம் ஆகும்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. இன்று அந்தக் கூண்டுகள் ஓடவில்லை. ஆனால் செல்போனில் நெட் வருவதும் ஏறக்குறைய இதே கதைதான். அதுவும் பல கட்டமாக வருகிறது. கூட்டம் கூடினால் காத்திருக்கிறது. ஒரு கட்டத்தில் தடை வந்தால் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வட்டம் சுற்றும்போது நாம் என்ன செய்கிறோம்? போனைத் தட்டுகிறோம். "போன் பழசாகிவிட்டது" என்கிறோம். புதுப் போன் வாங்கக் கடன் தேடுகிறோம். பல வீடுகளில் குற்றம் போனில் இருப்பதே இல்லை. எங்கே தடை என்று கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது.

செய்தி வரும் பாதை

தங்கவயலுக்கு 1902-இல் மின்சாரம் வந்தது. காவிரி ஆற்றில், சிவசமுத்திரம் அருவியின் பக்கத்தில் மின்சாரம் தயாரித்தார்கள். அங்கிருந்து தங்கவயல் வரை சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்கம்பிப் பாதைகளில் அது ஒன்று. சுரங்கத்தில் ஒரு விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் விளக்கில் இருக்கலாம். சுவிட்சில் இருக்கலாம். 147 கிலோமீட்டரில் எங்காவது கம்பி அறுந்திருக்கலாம். மற்ற விளக்குகளும் அணைந்திருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஒரே ஒரு விளக்கு அணைந்திருந்தால் குற்றம் அந்த விளக்கில். எல்லாம் அணைந்திருந்தால் குற்றம் வெளியே.

செல்போனிலும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் போனில் ஒரு படத்தைத் தொடுகிறீர்கள். போன் அந்தக் கோரிக்கையை ரேடியோ அலையாக மாற்றி அனுப்புகிறது. பக்கத்தில் உள்ள டவர் அதை வாங்குகிறது. டவரிலிருந்து அது பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் கண்ணாடி இழைக் கேபிள் வழியாகப் போகிறது. அந்தப் படம் பெங்களூரிலோ, மும்பையிலோ, வெளிநாட்டிலோ ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும். அங்கிருந்து படம் அதே வழியில் திரும்பி வருகிறது. இத்தனையும் ஒரு நொடிக்குள் நடக்கிறது. நடக்காதபோதுதான் நமக்குக் கோபம் வருகிறது.

தடை நான்கு இடத்தில் இருக்கலாம். நீங்கள் போட்ட ரீசார்ஜில் இருக்கலாம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கலாம். டவரில் இருக்கலாம். கடைசியாக, உங்கள் போனில் இருக்கலாம்.

குழாயைப் பாதி மூடினால்

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா தினமும் விடிகாலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மகன் பள்ளியில் படிக்கிறான். அம்மா பெரியவளான பிறகுதான் படிக்கக் கற்றுக்கொண்டாள். வீட்டில் நெட் உள்ள போன் ஒன்றுதான்.

இரவு மணி 9. மகள் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுகிறாள். அன்றுதான் கடைசி நாள். மதிப்பெண் பட்டியலின் படத்தை ஏற்ற வேண்டும். வட்டம் சுற்றுகிறது. ஐந்து நிமிடம் ஆகியும் படம் ஏறவில்லை. மகளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இந்தப் போன் தேறாது. நாளைக்கே தவணையில் புதுசு வாங்கிடலாம்" என்றார் அப்பா.

"எவ்வளவுங்க ஆகும்?"

"12,000 இருக்கும். மாசாமாசம் கட்டிக்கலாம்."

அம்மா போனை வாங்கினாள். மேலே சிக்னல் கோடுகளைப் பார்த்தாள். நான்கு கோடும் முழுசாக இருந்தன. பிறகு மெசேஜ் பக்கத்தைத் திறந்தாள். கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. ஆங்கிலம் முழுதும் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஓர் எண் தெரிந்தது. 100. பக்கத்தில் சதவீதக் குறி.

"கண்ணு, இது என்ன 100?"

மகள் படித்தாள். "இன்னைக்கு டேட்டா முழுசும் தீர்ந்துபோச்சும்மா. வேகத்தைக் குறைச்சிட்டாங்க."

"எப்படித் தீர்ந்தது?"

எல்லோரும் மகனைப் பார்த்தார்கள். அவன் சாயங்காலம் முழுதும் கிரிக்கெட் பார்த்திருந்தான்.

"குழாயைப் பாதி மூடிட்டாங்க. இதுல புதுக் குடம் வாங்கி என்ன பண்றதுங்க?" என்றாள் அம்மா.

அம்மா சொன்னதுதான் கணக்கு. இப்போது பல ரீசார்ஜ் திட்டங்களில் ஒரு நாளைக்கு இவ்வளவு டேட்டா என்று அளவு இருக்கிறது. 1 ஜி.பி., 1.5 ஜி.பி., 2 ஜி.பி. என்று திட்டத்துக்குத் திட்டம் மாறும். அளவு தீர்ந்ததும் நெட்டை அடியோடு நிறுத்துவதில்லை. வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். பல திட்டங்களில் அது 64 கே.பி.பி.எஸ். ஆகிவிடும். அதாவது நொடிக்கு 8 கே.பி. மட்டுமே வரும்.

நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். போனில் எடுத்த ஒரு படம் 4 எம்.பி. என்று வையுங்கள். 4 எம்.பி. என்றால் சுமார் 4,000 கே.பி. நொடிக்கு 8 கே.பி. போனால் 500 நொடி ஆகும். 8 நிமிடத்துக்கும் மேல். அதற்குள் விண்ணப்பப் பக்கமே மூடிக்கொள்ளும். 20,000 ரூபாய் போனிலும் இதே 8 நிமிடம்தான்.

அளவில் 50 சதவீதம் தீர்ந்ததும் ஒரு மெசேஜ், 90 தீர்ந்ததும் ஒன்று, 100 தீர்ந்ததும் ஒன்று என்று கம்பெனிகள் அனுப்புகின்றன. விளம்பர மெசேஜ்களோடு சேர்ந்து வருவதால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்த மூன்று எண்களை மட்டும் தேடிப் பாருங்கள். 50, 90, 100.

அந்த வீட்டில் அன்று மூன்று வழிகள் இருந்தன. நள்ளிரவு 12 மணி வரை காத்திருப்பது ஒன்று. பெரும்பாலும் 12 மணிக்கு மறுநாள் அளவு திறக்கும். ஆனால் கடைசி நாள் 12 மணியோடு முடிகிறது. அதனால் அது உதவாது. அன்றைக்கு மட்டும் கூடுதல் டேட்டா வாங்குவது இரண்டாவது வழி. அதற்குச் சில பத்து ரூபாய் ஆகும். மூன்றாவது வழியை அம்மா எடுத்தாள். பக்கத்து வீட்டு அக்காவின் போனில் டேட்டா மீதி இருந்தது. அந்தப் போனில் ஹாட்ஸ்பாட் போடச் சொன்னாள். ஹாட்ஸ்பாட் என்றால் ஒரு போனில் வரும் நெட்டை இன்னொரு போனுக்குப் பகிர்வது. மகள் படத்தின் அளவையும் குறைத்தாள். படம் ஏறியது. புதுப் போன் பேச்சும் அத்தோடு நின்றது.

மகனுக்கும் ஒரு வழி உண்டு. கிரிக்கெட்டை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. வீடியோவில் தெளிவைக் குறைக்கும் வசதி இருக்கிறது. மிகத் தெளிவாகப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் 1 ஜி.பி.க்கு மேல் தீர்ந்துவிடும். தெளிவை 360 என்று வைத்தால் அதில் பாதிகூட ஆகாது. சின்னத் திரையில் பந்து எப்படியும் தெரியும்.

தகரக் கூரையின் கீழே

தங்கவயலில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள் பல இன்றும் இருக்கின்றன. சின்ன வீடுகள். பல வீடுகளுக்குத் தகரக் கூரை. வெயிலும் மழையும் தகரத்தைத் தாண்டி வராது. ரேடியோ அலையும் அப்படித்தான். உலோகத்தில் பட்டால் திரும்பிவிடும். வாசல், ஜன்னல், இடுக்கு வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். உள்ளே போகப் போக அலை மெலியும். இரும்பு பீரோவை ஒட்டி உட்கார்ந்தால் இன்னும் மெலியும்.

சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாறைக்குள் அலை போகாது. கூண்டை ஏற்றவும் இறக்கவும் மணி அடித்துத்தான் சைகை கொடுத்தார்கள்.

சிக்னல் கோடு ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். ஒரே பக்கத்தை உள்ளேயும் திறந்து பாருங்கள், வெளியேயும் திறந்து பாருங்கள். வெளியே வேகமாக வந்தால் குற்றம் கூரையில். போனைத் திட்டாதீர்கள்.

அதற்காகக் குளிரில் வாசலில் உட்கார்ந்து படிக்க முடியுமா? முடியாது. ஒரு தந்திரம் உண்டு. வீட்டில் இரண்டு போன் இருந்தால் ஒன்றை ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். அதில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். ஜன்னல் போன் டவரிலிருந்து நெட்டை வாங்கும். உள்ளே இருக்கும் போன் ஜன்னல் போனிலிருந்து வாங்கும். சுரங்கத்தில் ஒரு கூண்டிலிருந்து இறங்கி இன்னொரு கூண்டில் ஏறியது போலத்தான் இதுவும். ஜன்னல் போனுக்குச் சார்ஜ் சீக்கிரம் தீரும். சார்ஜரைச் செருகி வைப்பது நல்லது. ஹாட்ஸ்பாட்டுக்கு ரகசிய எண் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் தெருவே உங்கள் டேட்டாவில் படம் பார்க்கும்.

தங்கவயலில் இன்னொரு தடையும் உண்டு. சயனைடு மண் குன்றுகள். பொன்னைப் பிரித்த பிறகு கொட்டிய மண் குன்று குன்றாக நிற்கிறது. டவருக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் அப்படி ஒரு குன்று இருந்தால் அலை நேராக வராது. குன்றை நகர்த்த நம்மால் ஆகாது. ஆனால் வேறு கம்பெனியின் டவர் வேறு திசையில் இருக்கலாம்.

5ஜி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கியது. 5ஜி-க்குப் பயன்படும் அலைகளில் ஒரு வகைக்கு வேகம் அதிகம். ஆனால் அது சுவரைத் தாண்டி அவ்வளவாக உள்ளே வராது. வாசலில் 5ஜி காட்டும் போன் சமையலறையில் 4ஜி-க்கு மாறும். மாறி மாறித் தேடுவதால் நெட் திணறும், சார்ஜும் தீரும். அப்படி ஆகிற வீட்டில் செட்டிங்ஸில் 4ஜி-யை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்துப் பாருங்கள். சில வீடுகளில் அதுவே நன்றாக ஓடும்.

கோடு நிறைய, நெட் குறைய

நான்கு கோடு இருக்கிறது. டேட்டாவும் மீதி இருக்கிறது. ஆனாலும் நெட் வரவில்லை. காலையில் நன்றாக வந்தது. இரவு 8 மணிக்கு வரவில்லை. இது என்ன?

இது கூண்டுக்கு முன்னால் நிற்கும் கூட்டம். கோடுகள் காட்டுவது டவரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை. அந்த டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதை அவை காட்டாது. பெங்களூர் போனவர்கள் வீடு திரும்புகிறார்கள். பிள்ளைகள் படித்து முடிக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுக்கிறார்கள். டவர் தன்னிடம் உள்ளதைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, விடிகாலை 5 மணிக்கு நெட்டைப் பார்ப்பது. அப்போது வேகமாக வந்தால் போன் நல்ல போன்தான். அவசரமான வேலையை, முக்கியமாக விண்ணப்பங்களை, காலையில் வைத்துக்கொள்ளலாம். தெருவில் அதே கம்பெனி சிம் வைத்திருப்பவரைக் கேட்பது இன்னொரு வழி. அவருக்கும் வரவில்லை என்றால் குற்றம் டவர் பக்கம். உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் உங்கள் பக்கம். மற்ற விளக்குகளைப் பார்ப்பது என்று முன்பு சொன்னோமே, அதுதான்.

ரயிலில் போகிறவர்களுக்குக் கஷ்டம் வேறு மாதிரி. ரயில் ஓட ஓடப் போன் ஒரு டவரை விட்டு இன்னொரு டவரைப் பிடிக்க வேண்டும். ஊர் இல்லாத இடத்தில் டவர் தூரத்தில் இருக்கும். ரயில் பெட்டியும் இரும்பு. பாட்டோ படமோ வேண்டுமானால் முதல் நாள் இரவே வீட்டில் போனில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

போனையும் ஒரு முறை பார்ப்போம்

இத்தனையும் பார்த்த பிறகு போனுக்கு வருவோம்.

போனின் மேற்பகுதியை விரலால் கீழே இழுத்தால் சின்னச் சின்னப் படங்கள் வரும். அதில் விமானம் போல ஒரு படம் இருக்கும். அதைத் தொடுங்கள். பத்து நொடி பொறுங்கள். மறுபடி தொடுங்கள். போன் சில சமயம் தூரத்து டவரையே பிடித்துக்கொண்டிருக்கும். இப்படிச் செய்தால் அதை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடும். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் போனை அணைத்துப் போடுங்கள்.

பல்சக்கரம் போன்ற படம்தான் செட்டிங்ஸ். அதில் டேட்டாவை எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று பட்டியல் இருக்கும். பெரிய எண் எதற்கு நேராக இருக்கிறது என்று பாருங்கள். நாம் பார்க்காத நேரத்திலும் சில ஆப்கள் பின்னால் இருந்து டேட்டாவை இழுக்கும். டேட்டா சேவர் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் இந்தத் திருட்டுத் தீனி குறையும்.

வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படங்கள் எத்தனை வருகின்றன! நாம் திறக்காவிட்டாலும் அவை தாமாகவே இறங்கிவிடும். செட்டிங்ஸில் தானாக இறங்குவதை நிறுத்தலாம். பிறகு வேண்டிய படத்தை மட்டும் தொட்டு இறக்கலாம். போனில் இடம் நிரம்பி வழிந்தாலும் போன் தடுமாறும். தேவையில்லாத வீடியோக்களை அழியுங்கள். இரண்டு சிம் போட்ட போனில் டேட்டா எந்தச் சிம்மில் ஓடுகிறது என்றும் பாருங்கள். ரீசார்ஜ் போட்டது ஒரு சிம்மில், நெட் ஓடுவது இன்னொரு சிம்மில் என்று பல வீடுகளில் நடக்கிறது.

வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லும் ஆப்களைப் போனில் ஏற்ற வேண்டாம். டவரின் கூட்டத்தை எந்த ஆப்பாலும் குறைக்க முடியாது. அவை விளம்பரம் காட்டும். நம் விவரங்களை எடுக்கும். போனை இன்னும் மெதுவாக்கும்.

பணம் நடுவழியில் நின்றால்

நெட் மெதுவாவதால் வரும் பெரிய பயம் பணப் பயம்தான். கடையில் காய் வாங்கிவிட்டுப் போனில் பணம் அனுப்புகிறீர்கள். வட்டம் சுற்றுகிறது. கடைக்காரர் "வரலையே அம்மா" என்கிறார். உடனே இரண்டாவது முறை அனுப்பாதீர்கள். இரண்டும் போய்விடலாம். முதலில் வங்கியிலிருந்து மெசேஜ் வந்ததா என்று பாருங்கள். ஆப்பில் பழைய கணக்கு என்ற பகுதியையும் பாருங்கள். அன்று கையில் காசு இருந்தால் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கணக்கில் பணம் கழிந்துவிட்டது, ஆனால் கடைக்காரருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு விதி போட்டது. யுபிஐ மூலம் கடைக்குக் கட்டிய பணம் இப்படி நின்றால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். தனி ஆளுக்கு அனுப்பிய பணம் என்றால் மறுநாளுக்குள் வர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி ஈடு கொடுக்க வேண்டும். பரிவர்த்தனை எண் என்று ஒரு நீள எண் வரும். அதை எழுதி வைத்துக்கொண்டு வங்கியில் கேளுங்கள்.

நெட் மெதுவாக இருக்கும் வீட்டுக்குத் திருடனும் போன் செய்வான். "உங்கள் சிம் பழசு. 5ஜி-க்கு மாற்றித் தருகிறோம். மெசேஜில் ஒரு எண் வரும், அதைச் சொல்லுங்கள்" என்பான். அந்த எண்தான் ஓடிபி. அதைச் சொன்னால் உங்கள் நம்பர் அவன் கைக்குப் போகலாம். பிறகு வங்கிப் பணமும் போகும். ஜியோவிலும் ஏர்டெல்லிலும் பழைய 4ஜி சிம்மே 5ஜி போனில் வேலை செய்யும். சிம் மாற்ற வேண்டுமானால் கடைக்கு நேரில் போங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

புகார் எழுதுவோம்

குற்றம் டவர் பக்கம் என்று தெரிந்துவிட்டது. இனி சும்மா இருக்க வேண்டியதில்லை. காசு கொடுத்துத்தான் ரீசார்ஜ் போடுகிறோம்.

உங்கள் போனிலிருந்து 198-க்குப் பேசுங்கள். அது புகார் எண். பேசி முடித்ததும் ஒரு புகார்ப் பதிவு எண் தருவார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் நாளைக்குப் புகார் கொடுத்ததற்கே அடையாளம் இருக்காது.

தெருவில் பத்துப் பேர் சேர்ந்து கம்பெனிக்கு எழுதினால் இன்னும் பலம். கடிதத்தில் கோபம் வேண்டாம். இடம், நாள், நேரம், அளவு வேண்டும். டிராய் என்பது தொலைபேசிக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பு. அதன் மைஸ்பீடு என்ற ஆப்பில் நெட் வேகத்தை அளந்து பார்க்கலாம். ஒரு வாரம் காலையும் இரவும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு இப்படி எழுதலாம்:

"ஐயா,

நாங்கள் கோலார் தங்கவயல், ஆண்டர்சன்பேட்டை, ........ தெருவில் குடியிருக்கிறோம். நாங்கள் ...... பேர் உங்கள் கம்பெனி சிம் வைத்திருக்கிறோம். தினமும் இரவு ...... மணி முதல் ...... மணி வரை நெட் வருவதில்லை. சிக்னல் கோடு முழுசாக இருக்கிறது. எங்கள் டேட்டாவும் தீரவில்லை. ஒரு வாரம் அளந்து பார்த்த கணக்கை இதோடு இணைத்திருக்கிறோம். எங்கள் புகார்ப் பதிவு எண் .......... பிள்ளைகள் படிப்புக்கும், விண்ணப்பம் போடவும் கஷ்டமாக இருக்கிறது. டவரைச் சோதித்துச் சரிசெய்யக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தெரு மக்கள்"

புள்ளி வைத்த இடங்களில் உங்கள் விவரத்தை எழுதிப் பாருங்கள். கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

புகார்ப் பிரிவு கொடுத்த பதில் சரியில்லை என்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். அவருக்கு மேல்முறையீடு செய்யக் கட்டணம் கிடையாது. ஒவ்வொருவருடைய தனிப் புகாரையும் டிராய் நேரடியாக எடுத்துத் தீர்ப்பதில்லை. அதனால் இந்த வழியில்தான் போக வேண்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம். இந்த வசதி நாடு முழுதும் 2011 ஜனவரி முதல் இருக்கிறது. மாறிய பிறகு 90 நாள் வரை மறுபடி மாற முடியாது. எனவே மாறுவதற்கு முன் அந்தக் கம்பெனி சிம் உள்ள போனை யாரிடமாவது சிறிது நேரம் வாங்கிப் பாருங்கள். இரவு 8 மணிக்குப் பாருங்கள். வாசலில் நின்று அல்ல, உங்கள் பிள்ளை உட்கார்ந்து படிக்கும் மூலையில் வைத்துப் பாருங்கள்.